சிவப்பு வட்டம்: ஆங்கிலப் பிழையும் நம்முடைய மனுக்களும்

(இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இரட்டைமலை சீனிவாசன் பெயரால் நடக்கும் கூட்டம் என்றால் நிலத்தைப் பற்றிப் பேசுவார்கள், சுடுகாட்டுப் பாதையைப் பற்றிப் பேசுவார்கள், இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசுவார்கள். ஆங்கில இலக்கணத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் சொன்னதும் அமைப்பாளர்களில் ஒருவர், "தோழர், பிள்ளைங்க கிளாஸ்லேர்ந்து தப்பிச்சுதான் இங்க வர்றாங்க" என்றார். பொறுத்துக்கொள்ளுங்கள். இது வகுப்பு இல்லை.

ஒரு கடிதத்திலிருந்து தொடங்குகிறேன். எழுதியவள் வெண்ணாற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்து கல்லூரியில் படிக்கும் பெண். வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவள். அப்பா நடவு, அறுவடைக் காலத்தில் வயல் கூலி. மற்ற நாட்களில் கட்டட வேலை. அவர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கல்வி உதவித்தொகை வரவில்லை. விடுதிக் கட்டணம் கட்ட அவகாசம் கேட்டுக் கடிதம் எழுதினாள். ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் எடுத்துப் படிப்பார்கள் என்று அவளே நினைத்துக்கொண்டாள்.

'மை ஃபாதர் இஸ் நோ மோர் சின்ஸ் த்ரீ மந்த்ஸ்' என்று தொடங்கியிருந்தாள். 'ஐ ஆம் ஹாவிங் ஒன் பிரதர்' என்று அடுத்த வரி. 'ஐ டிட் நாட் காட் ஸ்காலர்ஷிப்' என்று அதற்கடுத்தது. நான்கு நாள் கழித்துக் கடிதம் அவள் கைக்கே திரும்பி வந்தது. 'சின்ஸ்' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம், மேலே 'ஃபார்' என்று திருத்தம். 'ஹாவிங்' கீழே ஒரு கோடு. 'டிட் நாட் காட்' கீழே இரண்டு கோடு, பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி. அவ்வளவுதான். விடுதிக் கட்டணம் பற்றி ஒரு சொல் இல்லை. அவகாசம் உண்டா, இல்லையா, யாரைப் போய்ப் பார்ப்பது, எதுவும் இல்லை. பதில் இல்லை, திருத்தம் மட்டும் இருந்தது.

அந்தத் திருத்தமாவது சரியா என்று பாருங்கள். 'சின்ஸ்' என்பதை எடுத்துவிட்டு 'ஃபார்' போட்டால் அந்த வாக்கியம் சரியாகிவிடாது. 'மை ஃபாதர் இஸ் நோ மோர் ஃபார் த்ரீ மந்த்ஸ்' என்றால், ஏதோ அப்பா மூன்று மாதத்துக்கு மட்டும் இறந்திருக்கிறார், பிறகு திரும்பி வருவார் என்பது போல இருக்கிறது. 'மை ஃபாதர் டைடு த்ரீ மந்த்ஸ் அகோ' என்பதுதான் ஆங்கிலம். சிவப்புப் பேனாக்காரருக்கும் அந்த வாக்கியம் வரவில்லை. ஆனால் அவர் கையில் சிவப்புப் பேனா இருந்தது.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு நான் நல்லவராக உட்கார்ந்துகொள்ள முடியாது. அந்தப் பேனா என் பையிலும் இருக்கிறது. ஏப்ரல் 14 அன்று தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்திலிருந்து என் தெரு வரைக்கும் நடந்தால், நம் பிள்ளைகள் வைத்த பதாகைகளில் எத்தனை பிழை என்று என் கண் தானாக எண்ணும். அண்ணலின் பெயரிலேயே ஓர் எழுத்து குறையும். வேலைக்கு விண்ணப்பம் எழுதி என்னிடம் காட்ட வரும் இளைஞர் 'ஐ ஆம் கம்ப்ளீட்டட் பி.இ.' என்று எழுதியிருப்பார். நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்தால் 'மைசெல்ஃப்' என்று தொடங்கிப் பெயரைச் சொல்வார். 'டிஸ்கஸ் அபௌட்', 'ரிட்டர்ன் பேக்', 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்'. ஒவ்வொன்றும் காதில் மணலாக விழும். எரிச்சல் வருவது உண்மை. அதை மறைத்துக்கொண்டு பேசினால் இந்தப் பேச்சுக்கு அர்த்தம் இல்லை.

எங்கள் வட்டாரத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில், சுடுகாட்டுப் பாதை மறிக்கப்பட்டது குறித்து ஒரு தோழர் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினார். பத்திரிகையாளர்களும் இருந்த குழு என்பதால் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். நான் அந்த நாலு வரியில் இருந்த ஐந்து பிழையை எல்லோருக்கும் தெரிய அங்கேயே திருத்திப் போட்டேன். நல்லது செய்வதாக நினைப்பு. அதன் பிறகு ஏறக்குறைய ஆறு மாதம் அவர் அந்தக் குழுவில் எதுவும் எழுதவில்லை, தமிழில்கூட. பாதை மறிப்பு பற்றிய பேச்சு அன்றைக்கே நின்றுபோனது. என்னுடைய திருத்தத்துக்குக் கீழே மூன்று பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். கல்லூரி அலுவலகத்தில் இருந்தவருக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?

இந்தப் பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். இவை அறிவுக் குறைவிலிருந்து வருவதில்லை. தமிழிலிருந்து வருகின்றன. 'சாப்பிடுகிறேன்' என்று தமிழில் சொன்னால் இப்போது சாப்பிட்டுக்கொண்டிருப்பதையும் குறிக்கும், தினமும் சாப்பிடும் பழக்கத்தையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு வடிவம். நம் பிள்ளைகள் ஒன்றை எடுத்து இரண்டுக்கும் போடுகிறார்கள். அதிலிருந்து வருவதுதான் 'ஐ ஆம் ஹாவிங்'. 'இரண்டு மாடு நிற்குது' என்கிறோம். 'மாடுகள்' என்று சொன்னால்தான் வயலில் சிரிப்பார்கள். அந்தக் காதோடு ஆங்கிலத்துக்குப் போனால் பன்மை விகுதி விழுந்துபோகிறது. ஆங்கிலேயர் தமிழ் பேசும்போது செய்த பிழைகளுக்கும் இதே காரணம்தான், திசை மட்டும் வேறு. அவர்களுடைய பிழையை நம் ஊரில் 'துரைத் தமிழ்' என்று செல்லமாகச் சொன்னார்கள். நம்முடைய பிழைக்குச் செல்லப்பெயர் கிடைக்கவில்லை.

அந்தப் பெண்ணின் மூன்று பிழைகளில் இரண்டைத் தமிழை வைத்தே தீர்க்கலாம் என்று எனக்குத் தெரிய இத்தனை வருடம் ஆயிற்று. 'மூன்று மாதமாகக் காய்ச்சல்' என்கிறோம். 'தையிலிருந்து காய்ச்சல்' என்கிறோம். 'தையாகக் காய்ச்சல்' என்று நம் தெருவில் எந்தக் கிழவியும் சொல்லமாட்டார். 'ஆக' வருகிற இடம் 'ஃபார்'. 'இலிருந்து' வருகிற இடம் 'சின்ஸ்'. அந்த வேறுபாடு நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்தது 'டிட் நாட் காட்'. தமிழில் 'போகவில்லை' என்கிறோம். 'போனேன்' என்பதோடு 'இல்லை'யை ஒட்டுவதில்லை, 'போக' என்ற வெறும் சொல்லோடுதான் ஒட்டுகிறோம். அந்தப் 'போக'வில் காலம் கிடையாது. ஆங்கிலத்திலும் அதேதான்: 'டிட் நாட் கோ'. காலத்தை 'டிட்' சுமக்கிறது, வினை வெறுங்கையோடு வருகிறது. இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடம் சொன்னபோது ஒருவன் கோபமாகக் கேட்டான்: "இதை ஏன் பன்னெண்டு வருசமா யாரும் சொல்லல?"

நியாயமான கேள்வி. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைத் தொடங்கினார்கள். நம் ஆட்கள் ஆசை ஆசையாகப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பாடம் ஆங்கிலத்தில் அச்சாகியிருப்பது வேறு, ஆங்கிலத்தைக் கற்றுக்கொடுப்பது வேறு. நம் பிள்ளைகளில் பலர் ஆங்கிலத்தை மனப்பாடம் செய்தார்கள். இலக்கணம் அவர்களுக்கு மதிப்பெண் குறைகிற இடமாக மட்டுமே அறிமுகமானது.

இந்த டெல்டா ஆங்கில இலக்கணத்துக்குப் பேர்போன மண் என்பது பலருக்கு மறந்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தஞ்சாவூரில் ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் ஆங்கிலப் பள்ளி இருந்தது. 1854இல் கும்பகோணத்தில் காவிரிக் கரையில் அரசுக் கல்லூரி வந்தது. 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்று அதற்குப் பட்டம். வலங்கைமானில் பிறந்து கும்பகோணத்தில் படித்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார், ஆங்கிலேயரே வியக்கும்படி ஆங்கிலம் பேசியவர். பிழை கண்டால் பொறுக்கமாட்டார். அவர் கண்ணுக்கு எந்தப் பெரிய மனிதரின் ஆங்கிலமும் தப்பவில்லை என்பார்கள். காந்தியின் சுயசரிதையைக் குஜராத்தியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தவர் மகாதேவ் தேசாய். அந்த மொழிபெயர்ப்பின் அடுத்த பதிப்புக்கு, மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் மொழியைத் திருத்திக் கொடுத்தார், தன் பெயரைச் சொல்லக் கூடாதென்று கேட்டுக்கொண்டார் என்று தேசாய் முன்னுரையில் எழுதினார். அந்த நண்பர் நம் வலங்கைமான் சாஸ்திரியார்தான் என்பது பின்னர் பரவலாகத் தெரிந்தது.

இதில் எனக்குப் பிடித்த செய்தி சாஸ்திரியாரின் புலமை இல்லை. காந்தியின் புத்தகத்துக்கே ஆங்கிலம் திருத்த ஓர் ஆள் தேவைப்பட்டார். அவர் வரிவரியாகத் திருத்தினார், யாரிடமும் சொல்லிச் சிரிக்கவில்லை, தன் பெயரைக்கூடப் போடவிடவில்லை. காந்திக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் பேசவில்லை. பிழை எல்லோருக்கும் வரும். பிழையைச் சபைக்கு வருவதற்கு முன்பே, வீட்டுக்குள் வைத்துத் திருத்திக் கொடுக்க ஆள் இருக்கிறாரா என்பதில்தான் சாதி இருக்கிறது.

அதே கும்பகோணம் கல்லூரியில் கணித மேதை ராமானுஜன் 1904இல் உதவித்தொகையோடு சேர்ந்தார். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றார். உதவித்தொகை போயிற்று. 1905இல் வீட்டைவிட்டே ஓடிப்போனார். ஆக ஆங்கிலத்தின் சிவப்பு மை அக்ரகாரத்துப் பையனையும் விடவில்லை. ஆனால் அவருக்குப் பிற்பாடு சென்னைத் துறைமுகக் கழகத்தில் வேலை கிடைத்தது, அவருடைய நோட்டுப் புத்தகங்களைப் பார்த்து மதிக்கக்கூடியவர்கள் சுற்றி இருந்தார்கள், 1913இல் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுத உற்சாகம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அவர் பட்ட கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு தோல்விக்குப் பிறகு பிடித்துத் தூக்க எத்தனை கை இருந்தது என்பதைத்தான் எண்ணுகிறேன்.

அந்தக் கல்லூரியிலிருந்து கூப்பிடு தூரத்தில், அதே ஆண்டுகளில், நம் தாத்தன்கள் பண்ணையாட்களாக இருந்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத தாளில் கைநாட்டு வைத்தார்கள். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று தஞ்சைக்கு வர 1952 ஆக வேண்டியிருந்தது. மிராசுதார் வீட்டுப் பிள்ளை கும்பகோணத்தில் ஷேக்ஸ்பியர் படித்த காலத்தில் நம்மவர்களுக்குத் தமிழ் எழுத்தே வாசலில் நின்றது. ஆங்கில இலக்கணம் நமக்கு ஏன் இயல்பாக வரவில்லை என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும்.

இப்போது நம்முடைய தலைவருக்கு வருகிறேன். சீனிவாசன் கோவையில் படித்த காலத்தில், தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் மற்ற மாணவர்களோடு சேராமல் ஒதுங்கியிருந்ததைத் தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். அப்படி ஒதுங்கி உட்கார்ந்து கற்ற ஆங்கிலத்தை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்று பாருங்கள். 1893இல் 'பறையன்' இதழைத் தமிழில் தொடங்கினார். அதே ஆண்டு, ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அப்படி நடத்தினால் மேல்சாதிக்காரர்களே அதிகாரிகளாக வந்து நம் தலையில் உட்காருவார்கள் என்று எதிர்ப்பு மனு தயாரித்தார். 3,412 பேர் கையெழுத்து, 112 அடி நீளம். அது லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போனது. தன் மக்களுடன் தமிழில் பேசினார், அரசோடு ஆங்கிலத்தில் பேசினார். எதை எந்த மொழியில் சொல்ல வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை.

1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்து நிறைவேறிய தீர்மானத்தைச் சட்டம் படிக்கும் மாணவர்கள் எடுத்துப் படிக்க வேண்டும். எந்த வகுப்பினரும் எந்தப் பொதுச் சாலையிலும் நடக்கலாம், எந்தப் பொது அலுவலகத்துக்கும், கிணற்றுக்கும், குளத்துக்கும் போகலாம் என்பது சாரம். அதில் 'எனி' என்ற ஒரு சின்ன ஆங்கிலச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. எந்த ஆள், எந்த வகுப்பு, எந்தத் தெரு, எந்த ஊர். ஓர் இடத்தில் அந்தச் சொல் விழுந்திருந்தாலும், 'இந்தத் தெரு அதில் வராது' என்று சொல்லக் கிளம்பியிருப்பார்கள். சொன்னார்கள்தான், ஆனால் தீர்மானத்தைக் காட்டிச் சொல்ல முடியவில்லை. வேலியில் ஒரு முள்கூட விடுபடாமல் அடைக்கிற விவசாயியின் கை அது.

அண்ணலுக்கு எல்பின்ஸ்டன் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க இடமில்லை, பாரசீகம் படித்தார் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு மொழியின் இலக்கணத்தைத் தொடக்கூடாது என்று விரட்டப்பட்டவர் பின்னாளில் பாலி மொழிக்கு அகராதியும் இலக்கணமும் தொகுத்தார். இலக்கணம் பார்ப்பான் வேலை என்று நம்மில் சிலர் கேலி பேசும்போது எனக்கு அந்தப் பாலி இலக்கணம் நினைவுக்கு வரும்.

சரி, எந்தப் பிழைக்குக் கோபப்படலாம்? என் அனுபவத்தில், சிரிக்கப்படுகிற பிழை ஒன்று, நமக்கு விலை வைக்கிற பிழை வேறொன்று. 'மைசெல்ஃப்' என்று தொடங்கியதால் யாருக்கும் நீதி கிடைக்காமல் போனதில்லை. நம்மைத் தோற்கடிக்கிற ஆங்கிலம் பெரும்பாலும் பார்க்க அழகாக இருக்கிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாதி சொல்லி இழிவுபடுத்துவது குற்றமாக வேண்டுமானால் அது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். 'விதின் பப்ளிக் வியூ' என்பது சட்டத்தின் சொல். வீட்டு வளாகத்துக்குள் நடந்தாலும் வெளியே நிற்பவர் பார்க்க முடிந்தால் அது பொதுப் பார்வைதான் என்று 2008இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாலு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது நடந்திருந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் சொன்னது. நம் ஊர்ப் புகாரில் 'வீட்டு வாசலில் வந்து திட்டினார்கள்' என்று இருக்கும். வாசல் என்றால் நமக்குத் தெரு. அதை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் 'இன் த ஹவுஸ்' என்று எழுதினால் முடிந்தது. ஒரு 'இன்'. தெருவில் நின்று பார்த்த பத்துப் பேரும் அந்த இரண்டெழுத்துச் சொல்லில் காணாமல் போகிறார்கள். நான் அப்படி ஒரு பிரமாணப் பத்திர மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அதில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

காவல் நிலையத்தில் புகார் தமிழில்தான். உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது எல்லாம் ஆங்கிலமாகிறது. அரசியல் சட்டத்தின் 348ஆவது பிரிவு அப்படி வைத்திருக்கிறது. தமிழையும் உயர் நீதிமன்ற மொழியாக்கச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் போட்டும் நடக்கவில்லை. ஆகவே நம் ஆள் சொன்ன தமிழுக்கும் நீதிபதி படிக்கிற ஆங்கிலத்துக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் எப்போதும் உண்டு. 'அடித்தார்கள்' என்று நம் அக்கா சொல்கிறார். எழுவாய் இல்லை. ஆனால் தமிழில் வினையின் வாலிலேயே ஆள் இருக்கிறான்: ஒருவன் இல்லை, பலர். இது ஆங்கிலத்துக்குப் போகும்போது 'ஷி வாஸ் பீட்டன்' ஆகிவிடுகிறது. அடி இருக்கிறது, அடித்தவன் இல்லை. 'ஒரு ஆள் வந்தான், அந்த ஆள் கம்பை எடுத்தான்' என்பதில் 'ஒரு'வும் 'அந்த'வும் எவ்வளவு வேலை செய்கின்றன! அந்த 'அந்த' இருக்க வேண்டிய இடத்தில் 'தி' போடாமல் மறுபடியும் 'ஏ மேன்' என்று எழுதினால் வந்தவன் ஒருவன், கம்பை எடுத்தவன் வேறொருவன் என்று எதிர்த்தரப்பு வாதாட வழி கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் அரை மதிப்பெண் கேள்வி அது.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. 'வாடா', 'போடி' என்பது ஆங்கிலத்தில் 'கம்', 'கோ'. 'நீ' என்றாலும் 'யூ', 'நீங்கள்' என்றாலும் 'யூ'. அறுபது வயதுப் பெரியவரைப் பத்து வயதுப் பொடியன் 'என்னடா' என்று கூப்பிடுவதில் இருக்கிற சாதி முழுவதும் தமிழ் விகுதியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு இடமே இல்லை. உண்மையில் நம்மில் பலர் ஆங்கிலத்தை நேசிப்பதே இதனால்தான். மிராசுதாரும் 'யூ', கூலியாளும் 'யூ'. சந்திரபான் பிரசாத் மெக்காலேயின் பிறந்தநாளைக் கொண்டாடியதும், உத்தரப் பிரதேசத்தின் பாங்கா கிராமத்தில் ஆங்கிலத்துக்கு ஒரு தேவியைச் செய்து 2010இல் கோயில் கட்டத் தொடங்கியதும் கேலிக்குரியதாகச் சிலருக்குப் படலாம். எனக்கு அந்த 'யூ'வின் ருசி தெரியும். ஆனால் அதே 'யூ' நீதிமன்றத்தில் சாட்சியத்தை விழுங்கிவிடுகிறது. அந்தச் சொற்களைப் பெயர்க்காமல் தமிழிலேயே எழுதுங்கள், பக்கத்தில் அது எவ்வளவு இழிவான விளி என்று ஒரு வரியில் விளக்குங்கள். ஆங்கிலம் அழகாக இல்லாமல் போனால் போகட்டும்.

சட்டத்தின் சொற்களே மாறி நமக்குப் பயன்பட்டதும் உண்டு. கொலை போன்ற பெருங்குற்றங்களுக்கான 3(2)(5) பிரிவில் முன்பு 'ஆன் த கிரவுண்ட் தட்' என்று இருந்தது. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்ற காரணத்தினாலேயே குற்றம் நடந்தது என்று நிரூபிக்க வேண்டும். 'நிலத் தகராறுதான் காரணம், சாதி இல்லை' என்று எளிதாகத் தப்பித்தார்கள். 2015 திருத்தம் அதை 'நோயிங் தட்' என்று மாற்றியது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறை. தெரிந்தே செய்தான் என்று காட்டினால் போதும். நம் ஊரில் யாருக்கு யார் சாதி தெரியாது? இரண்டு சொல் மாற்றத்துக்கு நம் இயக்கங்கள் எத்தனை ஆண்டு உழைத்தன என்பதை இங்கே இருக்கும் மூத்த தோழர்கள் சொல்வார்கள்.

வெண்மணியைச் சொல்லாமல் இந்த மாவட்டங்களில் யாரும் பேச்சை முடிக்க முடியாது. 1968 டிசம்பர் 25. 44 உயிர். 1973இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்து எழுதிய தீர்ப்பில், நிலபுலன் உள்ள பெரிய மனிதர்கள், அதில் ஒருவர் கார்கூட வைத்திருப்பவர், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற வாதம் வருகிறது. அது படித்தவர்களின் ஆங்கிலம். அதை எழுதியவரிடம் 'சின்ஸ்' எது, 'ஃபார்' எது என்று யாரும் கேட்க வேண்டியிருந்திருக்காது. சமூகவியல் படித்த காலத்தில் ஆங்கிலத்தில் நல்ல வாக்கியம் எது என்று எனக்குச் சொல்லித்தந்தார்கள். அந்தத் தீர்ப்பை முதன்முதலாகப் படித்த இரவு, நல்ல வாக்கியம் என்றால் என்ன என்பதில் எனக்குக் குழப்பம் வந்தது. இன்னும் முழுதாகத் தீரவில்லை.

மாணவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், நானே கேட்டுவிடுகிறேன். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. எழுத்துத் தமிழின் இலக்கணத்தைத் தூக்கி எறிந்துவிட்டு நம் தெருப் பேச்சிலேயே எழுதப்பட்ட புத்தகம். இலக்கணத்தை உடைப்பதே நம் அரசியல் என்று தொண்ணூறுகளில் நாமே பேசினோம். இப்போது நானே வந்து 'ஃபார்', 'சின்ஸ்' என்கிறேனே? அமெரிக்காவில் 1979இல் ஆன் ஆர்பர் நகர வழக்கில், கறுப்பினக் குழந்தைகளின் வீட்டு ஆங்கிலத்தை ஆசிரியர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் பாடம் நடத்த வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த ஆங்கிலத்துக்கும் ஒழுங்கான இலக்கணம் உண்டு என்று மொழியியலாளர்கள் சாட்சி சொன்னார்கள். அந்தத் தீர்ப்பிலும் பிள்ளைகளுக்குப் பொது ஆங்கிலம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டு மொழியை அவமதிக்காமல் அதன் வழியாக அங்கே கூட்டிப்போகச் சொன்னார்கள். பாமா தெரிந்து உடைத்தார். அது அவருடைய வீடு, எந்தச் சுவரை இடித்தால் வெளிச்சம் வரும் என்று அவருக்குத் தெரியும். ஆங்கிலம் இன்னும் நமக்கு வாடகை வீடு. முதலில் சாவி வேண்டும். பிறகு எதை இடிப்பது என்று நம் பேரப்பிள்ளைகள் முடிவு செய்துகொள்வார்கள்.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நாங்கள் இரண்டு பேர் அவளோடு போய் அலுவலகத்தில் நின்றோம். தமிழில் ஒரு பக்க மனு, தேதியோடு, நகலில் முத்திரையோடு. இரண்டு மாத அவகாசம் கிடைத்தது. அந்தப் பழைய கடிதத்தை அவள் கிழிக்கவில்லை. 'சின்ஸ்' சொல்லித்தருவதற்காக நான் அதைத்தான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் நான் அவமானப்படுத்திய தோழரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க" என்றார். விடவில்லை என்று முகத்தில் தெரிந்தது. பாதை இன்னும் மறித்தபடிதான் இருக்கிறது.

கடைசியாக ஓர் அறிவிப்பு. திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம். தாலுக்காக்களில் அவ்வப்போது நடக்கும் முகாமுக்கு 'மனுநீதி நாள்' என்று பெயர். மனுவை எரித்தவர்களின் பிள்ளைகள் மனு கொடுக்கப் போகிற நாளுக்கு இப்படி ஒரு பெயர், என்ன செய்வது. மனு கொடுக்கப் போகிறவர்கள் அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு இந்த அரங்கின் பின்னறைக்கு வாருங்கள். தமிழ் மனுவா ஆங்கில மனுவா என்று சேர்ந்து முடிவு செய்வோம். வழக்கு இருப்பவர்கள் புகாரின் தமிழ் நகலையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள், வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் முதுகலை படிக்கும் மாணவர்கள் நால்வர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்; இன்னும் நால்வர் வேண்டும். பென்சில் கொண்டுவாருங்கள். சிவப்பு மை வேண்டாம்.